வக்கீலுக்கும் உண்டு வருகைப் பதிவேடு

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன. படிப்பை முடித்துத் தொழிலுக்கும் வந்துவிட்ட வழக்கறிஞர் மறுபடி வகுப்புக்குப் போக வேண்டுமா, போனால் அதை யாரிடம் எப்படிக் கணக்குக் காட்டுவது? தமிழ்நாட்டிலிருந்து வந்த கடிதங்களும் உண்டு. நியூயார்க், டொரன்டோ, லண்டன், ஆக்லாந்திலிருந்து வந்தவையும் உண்டு. விதி ஊருக்கு ஊர் மாறுவதால், கேட்டவர் எங்கே தொழில் செய்கிறாரோ அந்த ஊர் விதியை வைத்தே பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: பதிவு செய்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. என் ஆடிட்டர் நண்பர் ‘இந்த வருஷம் இன்னும் எட்டு மணி நேரம் பாக்கி’ என்று கருத்தரங்கு கருத்தரங்காக ஓடுகிறார். எங்களுக்கு அப்படி ஒரு கணக்கு இருக்கிறதா? ஏஐபிஇ என்ற அகில இந்திய பார் தேர்வை எழுதியதே அதற்காகத்தானா?

பதில்: இந்தியாவில் வழக்கறிஞருக்கு அப்படி ஒரு மணிக்கணக்கு இல்லை. உங்கள் நண்பருக்கு இருக்கிறது. தொழில் செய்யும் பட்டயக் கணக்காளர் மூன்று ஆண்டுகளில் 120 மணி நேரம் காட்டியாக வேண்டும். உங்களுக்கு 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம்தான். அதன் 6-ஆவது பிரிவு, மாநில பார் கவுன்சில் கருத்தரங்குகளும் சட்ட உரைகளும் நடத்தலாம் என்று கவுன்சிலுக்கு வேலை சொல்கிறது. வந்து உட்கார வேண்டும் என்று உறுப்பினரைக் கட்டாயப்படுத்தவில்லை. கேரள பார் கவுன்சில் தொடர் சட்டக் கல்விக்கென்று கொச்சியில் ஓர் அகாடமியே நடத்துகிறது. அங்கும் விருப்பம் உள்ளவர் போகலாம் என்பதுதான் நிலை.

ஏஐபிஇ வேறு கதை. அது தொழிலுக்குள் நுழையும் வாசல். முதல் தேர்வு 2011 மார்ச் 6 அன்று நடந்தது. பதிவுக்குப் பின் ஒரு தேர்வை பார் கவுன்சில் வைக்கலாமா என்ற வழக்கு வருடக்கணக்கில் நீண்டு, 2023 பிப்ரவரி 10 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு ‘வைக்கலாம்’ என்று முடித்து வைத்தது. ஒரு முறை தேறிவிட்டால் ஏஐபிஇ மறுபடி வராது. பதிவு செய்த இரண்டு ஆண்டுக்குள் தேற வேண்டும் என்பதைத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். அடுத்த தேர்வு எப்போது என்று பார்த்துக்கொண்டே நாள் கடந்துவிடும். உங்களுக்கு நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன என்பதால் சான்றிதழ் கையில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. 2015-ஆம் ஆண்டு விதிகளின்படி சிஓபி (தொழில் செய்வதற்கான சான்றிதழ்) சரிபார்ப்பு என்று படிவம் வருகிறதே, அது நீங்கள் உண்மையிலேயே வழக்காடுகிறீர்களா, எங்கே வழக்காடுகிறீர்கள் என்று பார்ப்பதற்காக. என்ன புதிதாகப் படித்தீர்கள் என்று அது கேட்பதில்லை. ஆகவே, ‘சிஓபி புதுப்பிக்க இந்தச் சான்றிதழ் வகுப்பு கட்டாயம்’ என்று யாராவது விளம்பரம் செய்தால் பணத்தைக் கட்டுவதற்கு முன் மாநில பார் கவுன்சில் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: இருபது வருடமாக கிரிமினல் சைடு. 2024 ஜூலைக்குப் பிறகு பழைய எண்கள் நாக்கில் வருகின்றன, புதிய எண்கள் வரமாட்டேன் என்கின்றன. கட்டாயம் இல்லாவிட்டாலும் படித்தாக வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம். இ.பி.கோ.வின் (இந்திய தண்டனைச் சட்டம்) இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா 358 பிரிவு, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 531, சாட்சியச் சட்டத்தின் இடத்துக்கு வந்த சாக்ஷிய அதினியம் 170. வரிசையாகப் படித்தால் நூறாவது பிரிவு வருவதற்குள் கை ஓய்ந்துவிடும். உங்கள் அலமாரியில் ஓடிக்கொண்டிருக்கும் கட்டுகளை எடுத்து, போன வருடம் நீங்கள் போட்ட மனுக்களில் அடிக்கடி வந்த முப்பது பிரிவுகளை எழுதுங்கள். பக்கத்தில் புதிய எண். மூன்றாவதாக ஒரு கட்டம்: எண் மட்டும் மாறியதா, உள்ளடக்கமும் மாறியதா? படிப்பு முழுக்க அந்த மூன்றாவது கட்டத்தில்தான்.

எண் மட்டும் மாறியதைத் தள்ளிவிடலாம். கொலை 302 என்பது 103 ஆயிற்று, ஏமாற்று 420 என்பது 318(4) ஆயிற்று. ஒரு வாரத்தில் பழகிவிடும். ஆனால் 482-ல் நின்று நிதானியுங்கள். பழைய நடைமுறைச் சட்டத்தில் அது உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். புதிய நடைமுறைச் சட்டத்தில் அதே 482 முன்ஜாமீன். உள்ளார்ந்த அதிகாரம் 528-க்குப் போய்விட்டது. குவாஷ் மனுவில் (வழக்கை ரத்து செய்யக் கோரும் மனு) பழக்கதோஷத்தில் 482 என்று தட்டச்சானால் நீங்கள் கேட்பது வேறு, மனுத் தலைப்பு சொல்வது வேறு என்றாகிவிடும்.

உள்ளடக்கம் மாறியவற்றில் முதலில் பார்க்க வேண்டியவை இவை. காவலில் வைப்பது இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187. பதினைந்து நாள் போலீஸ் காவலை ஒரே மூச்சில்தான் கேட்க வேண்டும் என்பதில்லை. புலனாய்வை முடிக்க 60 நாள் கெடு உள்ள வழக்கானால் முதல் 40 நாளுக்குள்ளும், 90 நாள் வழக்கானால் முதல் 60 நாளுக்குள்ளும் பகுதி பகுதியாகக் கேட்கலாம். ‘பதினைந்து நாள் முடிந்தது, இனி போலீஸ் காவல் இல்லை’ என்று கட்சிக்காரர் வீட்டாரிடம் பழைய நினைப்பில் சொல்லிவிடாதீர்கள். தனிநபர் புகாரில், குற்றத்தை நீதிமன்றம் கருத்தில் எடுப்பதற்கு முன்பே எதிரிக்குப் பேச வாய்ப்பு தர வேண்டும் என்று 223-ல் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. விசாரணைக் கைதிக்கு 479: முதல் முறைக் குற்றவாளி, அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்திருந்தால் விடுவிப்பு கேட்கலாம். மற்றவர்களுக்குப் பழையபடி பாதி. விலக்குகள் உண்டு, பிரிவை முழுதாகப் படியுங்கள்.

மின்னணுச் சான்றுக்கு என்று ஒரு தனி நாள் ஒதுக்குங்கள். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழின் நகலை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றி ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சாக்ஷிய அதினியத்தின் 63-ஆவது பிரிவின் சான்றிதழ் அட்டவணையில் அச்சாகியிருக்கிறது. அதில் பகுதி அ, பகுதி ஆ என்று இரண்டு. முதலாவது சான்றைக் கொடுப்பவர் எழுதுவது, இரண்டாவது நிபுணர் எழுதுவது. சாதனத்தின் நிறுவனம், மாடல், நிறம், வரிசை எண், ஐஎம்இஐ எண் எல்லாம் கேட்கிறது. கூடவே ஹேஷ் மதிப்பும் (கோப்பின் கைரேகை போன்ற ஒரு குறியீடு), அது எந்த முறையில் எடுக்கப்பட்டது என்பதும். இடறுவது எங்கே என்றால், கட்சிக்காரர் செல்போனிலிருந்து வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார், அதை பென்டிரைவில் போட்டுப் பிறகு ஹேஷ் எடுக்கிறார்கள். வாட்ஸ்அப் வழியாகப் போன வீடியோ சுருங்கிவிடுவதால் மூலத்தின் ஹேஷும் நகலின் ஹேஷும் ஒத்துப்போகாது. சாதனத்திலிருந்து நேராக நகல் எடுங்கள். எடுத்த இடத்திலேயே ஹேஷும் எடுங்கள்.

எந்தச் சட்டம் எந்த வழக்குக்கு என்பதையும் ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவிடுங்கள். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றத்துக்கு இ.பி.கோ.தான். நடைமுறையில், அந்த நாளில் நிலுவையில் இருந்த விசாரணை, புலனாய்வு, மேல்முறையீடு ஆகியவை 531-ஆவது பிரிவின்படி பழைய நடைமுறைச் சட்டத்தில்தான் தொடரும். ஆகவே பழைய புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இன்னும் பல வருடத்துக்கு இரண்டும் வேண்டும்.

கேள்வி: நியூயார்க்கில் இந்த வருடம்தான் அனுமதி கிடைத்தது. அலுவலகத்தில் ஒருவர் 24 கிரெடிட் (வகுப்பு நேரத்தை எண்ணும் அலகு) என்கிறார், இன்னொருவர் 32 என்கிறார். எது சரி?

பதில்: இரண்டும் சரி, அவர்களுக்கு 24, உங்களுக்கு 32. புதிதாக வந்தவருக்கு முதல் இரண்டு ஆண்டில் ஆண்டுக்கு 16 வீதம் 32. அதன்பிறகுதான் இரண்டு ஆண்டுக்கு 24.

மொத்தத்தை விடப் பிரிவினைதான் முக்கியம். ஒவ்வொரு ஆண்டின் பதினாறிலும் தொழில் நெறி 3, திறன் பயிற்சி 6, அலுவலக நிர்வாகம் அல்லது சட்டத் துறைப் பாடங்கள் 7. மொத்த 32-க்குள் சைபர் பாதுகாப்பு குறைந்தது 1 இருக்க வேண்டும். அந்த ஆறு திறன் கிரெடிட்டை நேரடி வகுப்பிலோ, நீங்களும் கேமராவில் தெரிந்து கேள்வி கேட்கக்கூடிய காணொளி வகுப்பிலோதான் எடுக்க முடியும். பதிவு செய்த வீடியோவில் எடுத்தால் அது திறன் கணக்கில் ஏறாது. வருடக் கடைசியில் அவசரமாக வாங்கும் வீடியோத் தொகுப்புகளில் பதினாறும் இருக்கும், ஆனால் அந்த ஆறு இருக்காது. புதியவர்கள் மாட்டுவது பெரும்பாலும் இங்கேதான். ‘பிரிட்ஜ் தி கேப்’ என்ற பெயரில் ஓராண்டுக்கு வேண்டிய பதினாறையும் சேர்த்து நடத்தும் வகுப்புகள் உண்டு. முதல் ஆண்டுக்கு அதுவே வசதி.

கெடு டிசம்பர் 31 அல்ல. அனுமதி பெற்ற தேதியிலிருந்து ஓராண்டுக்குள் முதல் 16, அடுத்த ஓராண்டுக்குள் மீதி 16. பிறகு பிறந்தநாளை ஒட்டி, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. பிறந்தநாளிலிருந்து 30 நாளுக்குள் பதிவுப் படிவத்தை அனுப்ப வேண்டும். முடித்தாயிற்று என்ற உறுதிமொழியும் அதிலேயே. மூத்தவர்களுக்கான 24-க்குள் நெறி 4, பன்மையும் பாகுபாடு களைதலும் 1, சைபர் பாதுகாப்பு 1. மிஞ்சினால் 6 வரை அடுத்த சுற்றுக்கு எடுத்துச் செல்லலாம்.

இங்கே ஒரு கிரெடிட் என்பது 50 நிமிடம். ஆகவே 24 கிரெடிட் என்பது சரியாக 20 மணி நேரம். உங்கள் 32 என்பது 26 மணி 40 நிமிடம். மலைப்பாகத் தெரிவது இரண்டு ஆண்டில் மாதத்துக்கு ஒரு மணிக்குச் சற்று மேல்தான்.

கேள்வி: நியூயார்க், நியூ ஜெர்சி இரண்டிலும் அனுமதி உண்டு. இரண்டுக்கும் தனித்தனியாகப் படிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். இரண்டு இடத்திலும் 24 கிரெடிட், இரண்டு ஆண்டு, 50 நிமிடக் கணக்கு. உள்பிரிவுதான் வேறு. நியூ ஜெர்சி நெறியில் 5 கேட்கிறது, அதில் 2 பன்மை, பாகுபாடு பற்றியதாக இருக்க வேண்டும். நியூயார்க் நெறியில் 4 கேட்டு, பன்மைக்கு 1, சைபருக்கு 1 என்று தனியாகக் கேட்கிறது. ஆகவே நெறி 4, பன்மை 2, சைபர் 1 என்று ஏழை முதலில் முடித்துவிட்டால் இரண்டு பக்கமும் நிறைந்துவிடும். மீதி 17-ஐ உங்கள் துறையில் எடுங்கள். சான்றிதழில் இரு மாநிலங்களின் பெயரும் கிரெடிட் வகையும் தனித்தனியாக அச்சாகியிருக்கிறதா என்று வகுப்புக்குப் பணம் கட்டும் முன்பே பாருங்கள். சுற்று தொடங்கும் நாளும் இரண்டு இடத்திலும் வேறாக இருக்கும், நாட்காட்டியில் இரண்டையும் குறித்துவைக்க வேண்டும்.

எல்லா மாநிலமும் இப்படிச் சேர்ந்து வராது. கலிபோர்னியாவில் மணி என்றால் முழு 60 நிமிடம். நூறு நிமிட வகுப்பு நியூயார்க்கில் இரண்டு கிரெடிட். கலிபோர்னியாவில் ஒன்றே முக்கால் கூடத் தேறாது.

கேள்வி: கலிபோர்னியாவில் குடும்பப் பெயரை வைத்துக் கெடு என்கிறார்கள். எனக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரைத்தான் போட்டிருக்கிறேன்.

பதில்: பதிவேட்டில் கடைசிப் பெயராக எது ஏறியதோ அதன் முதல் எழுத்துதான். ஆங்கில எழுத்து வரிசையில் ஏ முதல் ஜி வரை, எச் முதல் எம் வரை, என் முதல் இசட் வரை என்று மூன்று குழு. மூன்று ஆண்டுக்கு ஒரு முறை 25 மணி. ஒவ்வொரு குழுவுக்கும் கெடு ஆண்டு வேறு. அதில் பாதியாவது நீங்கள் பங்கேற்கும் வகை வகுப்பாக இருக்க வேண்டும். ஒரு முறை குழுவில் சேர்த்துவிட்டால் பின்னால் பெயரை மாற்றினாலும் குழு மாறாது. பாஸ்போர்ட்டில் ஒன்று, பதிவேட்டில் ஒன்று என்று பெயர் புரண்டுகிடக்கும் நம்மவர்கள் இணையத்தில் உள்நுழைந்து தங்கள் குழு எண்ணைப் பார்த்துக்கொள்வது நல்லது. பெயரை வைத்து ஊகிக்க வேண்டாம்.

கேள்வி: வீடியோவை ஓடவிட்டு மனு தட்டச்சு செய்தால் யாருக்குத் தெரியும்?

பதில்: வீடியோவுக்குத் தெரியும். நடுநடுவே ஒரு குறியீட்டைச் சொல்வார்கள் அல்லது திரையில் காட்டுவார்கள். முடிவில் உறுதிமொழிப் படிவத்தில் அதை எழுத வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், அந்தப் படிவத்தில் ‘முழுவதும் பார்த்தேன்’ என்று கையெழுத்திடுவது. பொய்யாகக் கையெழுத்திட்டது பிடிபட்டால் அது கிரெடிட் குறைவாகப் பார்க்கப்படாது, நேர்மைக் கேள்வியாகிவிடும். கிரெடிட் குறைந்தவர் வகுப்பெடுத்து நிரப்பிவிடலாம். நேர்மை பற்றிய புகாரை எந்த வகுப்பும் நிரப்பாது.

நேரில் நடக்கும் வகுப்பிலும் இருபது நிமிடம் தாமதமாகப் போய் ‘மீதிக்குக் கொடுங்கள்’ என்று கேட்க முடியாது. நியூயார்க் விதியில் ஓர் அமர்வு முழுவதும் இருந்தால்தான் அதன் கிரெடிட். அதே வகுப்பை மறுபடி பார்த்து இரண்டாம் முறை கணக்கு எழுதவும் முடியாது. தலைப்பு மாற்றி விற்கப்படும் பழைய பதிவுகளில் இப்படி ஏமாறுகிறவர்கள் உண்டு, வகுப்பு நடந்த மூலத் தேதியைப் பாருங்கள்.

கேள்வி: லண்டனில் சொலிசிட்டர். முன்பு ஆண்டுக்கு 16 மணி என்று இருந்ததை எடுத்துவிட்டார்கள். இப்போது என்னதான் செய்ய வேண்டும் என்றே புரியவில்லை. ஒன்றும் செய்யாமல் இருந்தாலும் யாரும் கேட்பதில்லையே?

பதில்: 2016 நவம்பர் 1 முதல் அந்த 16 மணி நேரம் இல்லை. மணி போனதும் பொறுப்பு உங்கள் தலையில் முழுதாக வந்து இறங்கிவிட்டது. ஆண்டுதோறும் தொழில் சான்றிதழைப் புதுப்பிக்கும்போது ‘என் வேலையை யோசித்துப் பார்த்தேன், கற்க வேண்டியதைக் கண்டுகொண்டேன், கற்றேன்’ என்று உறுதி அளிக்கிறீர்கள். யாரும் கேட்கவில்லை என்பது புகார் வரும் வரைதான். கட்சிக்காரர் ஒருவர் ‘இவருக்கு இந்த விஷயமே தெரியவில்லை’ என்று எழுதிவிட்டால் முதலில் கேட்கப்படும் தாள் உங்கள் கற்றல் பதிவு. அன்று உட்கார்ந்து மூன்று வருடப் பதிவை எழுத முடியாது. எழுதினாலும் ஒரே மையில் ஒரே நடையில் இருக்கும்.

எழுதும் முறை எளிது. சொலிசிட்டர்களின் ஒழுங்குமுறை ஆணையத்தின் தகுதி அறிக்கையில் நான்கு பகுதிகள்: நெறியும் தீர்ப்பறிவும், சட்ட வேலையின் நுட்பம், மனிதர்களோடு பணியாற்றல், தன்னையும் தன் வேலையையும் நிர்வகித்தல். ஒவ்வொரு பதிவும் இதில் ஏதோ ஒன்றில் விழ வேண்டும். பலரும் இரண்டாவதில் மட்டுமே எழுதிக் குவிக்கிறார்கள். புகார்களோ பெரும்பாலும் மூன்றிலும் நான்கிலும் இருந்துதான் முளைக்கின்றன: கடிதத்துக்குப் பதில் போடவில்லை, கட்டணத்தை முன்கூட்டிச் சொல்லவில்லை, தேதியைத் தவறவிட்டார்.

மோசமான பதிவு இப்படி இருக்கும்: ‘மார்ச் 12, குத்தகைச் சட்ட வெபினார், 1 மணி.’ இதிலிருந்து ஒன்றும் தெரியாது. உருப்படியான பதிவு: ‘பிப்ரவரியில் இரண்டு கோப்புகளில் குத்தகை முறிவு அறிவிப்புக் காலத்தைக் கணக்கிடுவதில் தயங்கினேன். மார்ச் 12 வெபினார் கேட்டேன், விதியைப் படித்தேன். அறிவிப்பு தேதிக் கணக்குக்கு ஒரு சரிபார்ப்புத் தாள் தயாரித்தேன். மே மாதம் மூன்று கோப்புகளில் பயன்படுத்தினேன். ஒன்றில் தவறான தேதி முன்கூட்டியே தெரிந்தது.’ ஏன் தேவைப்பட்டது, என்ன செய்தேன், வேலையில் என்ன மாறியது. ஐந்து வரி போதும். அன்றைக்கே எழுதினால் ஐந்து நிமிட வேலை.

உங்களூர் பாரிஸ்டர்களுக்கும் மூத்தவர் என்றால் இதே போலத் திட்டமிட்டு, பதிந்து, அசைபோடும் முறைதான். புதியவருக்கு மட்டும் எண் உண்டு: முதல் மூன்று ஆண்டில் 45 மணி, அதில் வாதத் திறன் 9, நெறி 3.

கேள்வி: ஆக்லாந்தில் இருக்கிறேன். தினமும் இரவு இரண்டு மணி நேரம் தீர்ப்புகள் படிக்கிறேன். ஆண்டுக்கு 10 மணிதானே கேட்கிறார்கள், எனக்குத் தனியாக எதற்கு?

பதில்: உங்கள் படிப்புக்கு வணக்கம், ஆனால் கணக்கில் வராது. நியூசிலாந்து விதி கேட்பது திட்டமிட்ட செயலை. அதற்கு ஒரு நோக்கம் இருக்க வேண்டும், இன்னொருவரோடு பேசிக் கருத்துக் கேட்கும் வாய்ப்பு இருக்க வேண்டும், நடந்ததற்கு ஆதாரம் இருக்க வேண்டும், அன்றாட வேலையின் பகுதியாக இருக்கக் கூடாது. தனியாகப் படிப்பதில் இரண்டாவது இல்லை.

அதையே கணக்கில் வரும்படி மாற்றுவது சுலபம். உங்களைப் போன்ற மூன்று நான்கு பேர் மாதம் ஒரு மணி நேரம் கூடுங்கள். ஒருவர் ஒரு தீர்ப்பை எடுத்துவைக்க, மற்றவர்கள் கேள்வி கேளுங்கள். தலைப்பு, தேதி, வந்தவர்கள், ஒரு பக்கக் குறிப்பு ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். பத்து மாதத்தில் பத்து மணி. ஆண்டு என்பது ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. திட்டத்தை ஆண்டின் தொடக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும். மணி சேர்ந்தும் திட்டமும் மறுநோக்கும் எழுதாமல் விட்டவர் விதியை நிறைவேற்றியவர் ஆகமாட்டார். மிஞ்சினால் 5 மணி வரை அடுத்த ஆண்டுக்குப் போகும்.

கேள்வி: நான் சட்டக் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன், இலவசமாக வழக்கும் நடத்துகிறேன். இதெல்லாம் சேருமா?

பதில்: எங்கே இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. நியூயார்க் என்றால் சேரும். அங்கீகரிக்கப்பட்ட தொடர் கல்வி வகுப்பில் உரையாற்றினால் 50 நிமிடத்துக்கு 3 கிரெடிட், தயாரிப்பு நேரத்தையும் சேர்த்துத்தான் அந்தத் தாராளம். தகுதியான இலவச சட்ட சேவையில் இரண்டு மணிக்கு ஒரு கிரெடிட், ஒரு சுற்றுக்கு 10 வரை. இந்தியா என்றால் சேர்வதற்குக் கணக்கே இல்லை. ஆனால் வழக்கறிஞராக இருந்துகொண்டே நாளுக்கு 3 மணிக்கு மிகாமல் சட்டம் கற்பிக்கலாம் என்ற அனுமதி உண்டு. அந்த எல்லையை மீறினால் தொழில் உரிமையே கேள்விக்குள்ளாகும்.

கேள்வி: டொரன்டோவில் போன வருடம் 14 மணி முடித்தேன். தேவை 12-தான். அப்படியும் நிறைவேற்றவில்லை என்று அறிவிப்பு வந்திருக்கிறது. தவறு அவர்களுடையதுதானே?

பதில்: பதினான்கில் தொழில்நெறி மணி எத்தனை என்று பாருங்கள். ஒன்டாரியோவில் 12 மணியில் குறைந்தது 3 தொழில்நெறிக்கு; சட்டப் பாடங்கள் அதிகபட்சம் 9 வரைதான் ஏறும். பதின்மூன்று மணி வரிச் சட்டம், ஒரு மணி நெறி என்றால் அவர்கள் கணக்கில் 9-உம் 1-உம் சேர்ந்து 10. இன்னொரு பொறியும் உண்டு. சட்டப் பாடங்களுக்கு முன் அங்கீகாரம் வேண்டாம், நெறி மணிக்கு வேண்டும். அங்கீகாரம் இல்லாத வகுப்பில் நெறியைப் பற்றி எவ்வளவு பேசினாலும் அந்த மூன்றில் சேராது. மிச்ச மணியை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது.

இப்போது செய்ய வேண்டியது: அங்கீகாரம் பெற்ற நெறி வகுப்பைப் பதிவு வடிவில் இந்த வாரமே முடித்து, இணையக் கணக்கில் ஏற்றி, தாமதக் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள். வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். அடுத்த கட்டம் நிர்வாக இடைநீக்கம், அது பொதுப் பதிவேட்டில் தெரியும். கட்சிக்காரர் தேடினால் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

கேள்வி: நான் வகுப்பு முடிக்காததால் என் கட்சிக்காரரின் வழக்கு பாதிக்குமா?

பதில்: பெரும்பாலான இடங்களில் தண்டனை உங்களோடு நிற்கும். இடைநீக்கம் ஆகிவிட்டால் நீங்கள் ஆஜராக முடியாது. அந்த வகையில் வழக்கும் தள்ளாடும். பிலிப்பைன்ஸில் ஒரு படி மேலே போனார்கள். அங்கே மூன்று ஆண்டுக்கு 36 மணி. முடித்த சான்றிதழ் எண்ணை ஒவ்வொரு மனுவிலும் எழுத வேண்டும் என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எழுதாவிட்டால் மனுவே தள்ளுபடி ஆகலாம் என்ற நிலை. வக்கீல் செய்த தவறுக்குக் கட்சிக்காரர் தலையில் இடி விழுவது நியாயமில்லை என்பதால் 2014-ல் அதை மாற்றி வக்கீலுக்கு அபராதம் என்றாக்கினார்கள்.

கேள்வி: சான்றிதழ்களை எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும்?

பதில்: நியூயார்க்கில் குறைந்தது நான்கு ஆண்டு. மற்ற ஊர்க்காரர்களும் அதையே வழக்கமாக்கிக்கொண்டால் குறைவதில்லை. சான்றிதழ் வந்த நாளே கோப்புப் பெயரில் தேதி, கிரெடிட் எண்ணிக்கை, வகை மூன்றையும் போட்டுச் சேமியுங்கள். வகுப்பு நடத்திய நிறுவனத்தின் இணையக் கணக்கிலேயே இருக்கட்டும் என்று விட்டவர்கள், தணிக்கைக் கடிதம் வரும்போது அந்தச் சந்தாவே காலாவதியாகியிருப்பதைப் பார்க்கிறார்கள். அலுவலக மின்னஞ்சலுக்கு வரவழைத்தவர்கள் வேலை மாறியதும் அதை இழக்கிறார்கள். சொந்த மின்னஞ்சலைக் கொடுங்கள்.

கேள்வி: வெறும் வகுப்பாக இல்லாமல் தொழிலில் அடுத்த படிக்கு உதவும்படி என்ன படிக்கலாம்? சென்னையில் ஏழு வருடமாக இருக்கிறேன்.

பதில்: இரண்டு சொல்லலாம். சமரசம் பிடிக்குமானால் நீதிமன்ற சமரச மையங்களுக்கான 40 மணி நேரப் பயிற்சி. 2023-ல் சமரசச் சட்டம் வந்த பிறகு அந்தத் திறனுக்குத் தேவை கூடியிருக்கிறது. டெல்லி போகும் எண்ணம் இருந்தால் உச்ச நீதிமன்றத்தின் அட்வகேட் ஆன் ரெக்கார்டு (அங்கே கட்சிக்காரருக்காக மனு தாக்கல் செய்யும் உரிமை பெற்ற வழக்கறிஞர்) தேர்வு. நான்கு ஆண்டு தொழில் முடிந்த பின், பத்தாண்டு அனுபவமுள்ள ஓர் அட்வகேட் ஆன் ரெக்கார்டிடம் ஓராண்டுப் பயிற்சி, பிறகு நான்கு தாள்: நடைமுறை, வரைவு, வாதமும் நெறியும், முக்கியத் தீர்ப்புகள். ஒவ்வொன்றிலும் 50, மொத்தத்தில் 60 சதவீதம் வேண்டும். ஒவ்வொரு தாளிலும் 50 வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் மொத்தத்தில் நழுவுவார்கள். தேறிய பிறகு நீதிமன்றத்திலிருந்து 16 கிலோமீட்டருக்குள் அலுவலகம் வேண்டும். அதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதுகலைச் சட்டம் படிப்பதானால், தொலைநிலையிலோ இணையத்திலோ என்றால் இந்திய பார் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டு சேருங்கள்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு பற்றிய வகுப்புகளாகவே இப்போது விளம்பரம் வருகிறது. தேவையா, சும்மா பேஷனா?

பதில்: பாதி பேஷன். மீதிப் பாதி தேவை. அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் தன் மாதிரி விதியின் விளக்கத்தில், தொழிலில் பயன்படும் தொழில்நுட்பத்தின் நன்மையையும் ஆபத்தையும் அறிந்திருப்பது தகுதியின் பகுதி என்று 2012-லேயே சேர்த்துவிட்டது. 2023 ஜூனில் நியூயார்க் ஃபெடரல் நீதிமன்றம் ஒன்றில், சாட்ஜிபிடி கொடுத்த இல்லாத தீர்ப்புகளை மனுவில் மேற்கோள் காட்டியதற்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. எதிர்த்தரப்பு ‘இந்தத் தீர்ப்புகளே கிடைக்கவில்லை’ என்று சொன்ன பிறகும் அவற்றை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததுதான் நீதிபதியை அதிகம் உறுத்தியது.

வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது பாடத்திட்டத்தில் இரண்டைத் தேடுங்கள்: கட்சிக்காரரின் ரகசியத்தை அந்தக் கருவியில் இடலாமா என்ற பகுதி, மேற்கோளைச் சரிபார்க்கும் பயிற்சி. இரண்டும் இல்லாமல் ‘பத்து நொடியில் மனு தயார்’ என்று மட்டும் காட்டினால் அது கருவி விற்கும் கூட்டம். சரிபார்க்கும் வேலைக்குக் காசும் வேண்டாம். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இ-எஸ்சிஆர் தளத்தில் இலவசம், 2023 முதல் ஐஎன்எஸ்சி என்ற பொது எண்ணும் வந்துவிட்டது. அந்த எண்ணைப் போட்டுத் தேடித் தீர்ப்பைத் திறந்து, நீங்கள் மேற்கோள் காட்டும் பத்தி அங்கே இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பார்த்த பின் மனுவில் கையெழுத்திடுங்கள்.